பத்து அங்குலத்துக்கு அடியில்

கடைசிப் பந்து உயரே எழும்பி, ஏரிக்காற்றில் கொஞ்சம் தயங்கி, எதிரணி ஆட்டக்காரரின் கையுறைக்குள் விழுந்தபோது போர்ட் ஹார்லன் நகரத்தில் பேஸ்பால் முடிந்துபோனது. நாரைகள் அணி அந்தக் கரையில் தொண்ணூற்றொன்பது வருடம் ஆடியிருந்தது. இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் நூற்றாண்டு விழாவையாவது கொண்டாடிவிட்டுப் போயிருக்கலாம். முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. மெக்சிகோவின் மொன்டெர்ரே நகரத்தில் அவர்களுக்குப் புது மைதானம், புதுச் சந்தை, புது ரசிகர்கள் எல்லாம் தயாராக இருந்தன.

ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. இன்னும் ஒரு சடங்கு பாக்கி இருந்தது. ஓர் அணி இடம் மாறினால் ஹோம் பிளேட்டைத் தோண்டி எடுத்துக்கொண்டு போவது வழக்கம். மட்டையாளரின் காலடியில் தரையோடு தரையாகப் பதிந்திருக்கும், ஐந்து மூலை கொண்ட வெள்ளை ரப்பர் தட்டு அது. மைதானத்தின் மற்ற மூன்று முனைகளான பேஸ்களையும் சுற்றி ஓடிவந்து அந்தத் தட்டை மிதித்தால்தான் ஓர் ஓட்டம். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ரப்பர் இல்லை, சாமி.

அந்தச் சாமியைத் தோண்ட மண்வெட்டியோடு நடந்து வந்தவள் ஜோனெல் பாரிஷ். ஐம்பத்துநாலு வயது, வெயிலில் காய்ந்த முகம், இருபத்துமூன்று வருடமாக அந்த மைதானத்தின் தலைமைப் பராமரிப்பாளர். அவளைப் பார்த்ததும் முப்பதாயிரம் பேரும் ஒரே குரலாக ஊளையிட்டார்கள்.

"வெக்கமா இல்ல உனக்கு?" மூன்றாவது வரிசையிலிருந்து ஆர்லோ பெட்ராஷ் கத்தினார். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், ஜோனெல்லின் பக்கத்து வீட்டுக்காரர். அவள் கையிலிருந்த மண்வெட்டிகூட அவர் கடையில் வாங்கியதுதான். "எங்கப்பா பாத்த பிளேட்டு அது! அதப் போய் தோண்டுறியே, உருப்படுவியா நீ?"

ஆர்லோவின் அப்பா பார்த்த தட்டு எந்தக் காலத்திலோ குப்பைக்குப் போய்விட்டது. ஒரு தட்டு ஒரு பருவம் உழைக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு மார்ச் மாதமும் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் புதுத்தட்டு ஒன்றை எடுத்துப் பதிப்பது அவள் வேலை. இப்போது இவ்வளவு ஊளைக்கும் கண்ணீருக்கும் நடுவில் அவள் தோண்டிக்கொண்டிருந்த புனிதத் தட்டுக்கு வயது ஏழு மாதம். பராமரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். பக்தியோடு இருப்பவர்களிடம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்?

அவளே வந்து தோண்டியதற்கு வேறு காரணம் இருந்தது. அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்தால் ஆழமாகத் தோண்டிவிடுவான். தட்டுக்கு அடியில், பத்து அங்குல ஆழத்தில், கட்டைவிரல் பருமனுள்ள பித்தளை முளை ஒன்று இருந்தது. மைதானத்தை முதன்முதலில் அளந்தவர்கள் அடித்துவைத்த முளை. பேஸ்கள், பந்து வீசும் மேடு, கோடுகள், மண்ணுக்கடியில் ஓடும் வடிகால் குழாய்கள், எல்லாவற்றுக்கும் அளவு அதிலிருந்துதான். தொண்ணூற்றொன்பது வருடத்தில் மாறாமல் நின்றது அது ஒன்றுதான். அவள் தட்டை மட்டும் பதமாக நெம்பி எடுத்தாள். குழியில் தளர்ந்த மண்ணைக் காலாலேயே மூடி மிதித்தாள்.

அணியை நடத்தும் கம்பெனியின் துணைத்தலைவர் கிரெய்க் ஹோல்ம் தட்டை வெல்வெட் துணியில் வாங்கிக் கேமராக்களுக்குக் காட்டினார். தின்பண்டத்துக்குத் தொட்டுக்கொள்ளும் மஸ்டர்ட் என்ற கடுகுச் சாந்துப் பொட்டலம் ஒன்று பறந்து வந்து ஜோனெல்லின் முதுகில் வெடித்தது. அதோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

ஏன் அந்த முளைக்காக இத்தனை பாடு என்றால், நகரசபை அவளுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தது. ஏரிக்கரை லீக் என்ற சின்ன லீக் ஒன்று போர்ட் ஹார்லனுக்கு ஓர் அணி தரத் தயாராக இருந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் பதினைந்தாம் தேதி அவர்களுடைய பரிசோதகர் வருவார். மைதானம் தேறினால் மே மாதம் ஆட்டம். தேறாவிட்டால் நிலம் ஒரு கிடங்குக் கம்பெனிக்குப் போய்விடும், பெட்டிகள் அடுக்குகிற இடமாகிவிடும். லீக்கின் விதி கறாரானது. எல்லா அளவும் பழைய வரைபடத்தில் உள்ள மூலப்புள்ளியிலிருந்து சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாக நில அளவை செய்ய வேண்டும். அளவையரோ ஜூலைக்கு முன்னால் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். ஆக, முளை இருந்தால் மைதானம், முளை போனால் கிடங்கு.

ஆனால் கம்பெனியின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. தட்டு, பேஸ்கள், அவற்றின் இரும்புக் குழிகள், அதோடு உள்திடலின் மண், ஓர் அடி ஆழத்துக்கு. மொன்டெர்ரேயில் அந்த மண்ணைத் தூவித்தான் புது மைதானத்தைத் திறக்கப்போவதாக விளம்பரம்கூடச் செய்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தோண்டும் இயந்திரம் உள்ளே வந்தபோது, தட்டு இருந்த இடத்தில் ஜோனெல் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டு டப்பா, காலடியில் காப்பிக் குடுவை.

ஹோல்ம் பளபளக்கும் காலணியோடு புல்லின் ஓரத்திலேயே நின்றார். அந்த மனிதர் இந்த ஊருக்கு வந்து நாலு வருடம் ஆகிறது, காலில் இதுவரை ஒரு பிடி மண் ஒட்டியதில்லை.

"ஜோனெல், எந்திரிங்க. வண்டிக்கு மணிக்கணக்குல வாடகை."

"மத்த இடமெல்லாம் எடுத்துக்கங்க கிரெய்க். இந்த ஆறடி மட்டும் விட்ருங்க."

"அதெப்படி? எல்லாருக்கும் வேண்டியதே இந்த ஆறடிதான். காரணம் என்ன, அதச் சொல்லுங்க."

காரணத்தைத்தான் அவளால் சொல்லமுடியாது. தொண்ணூற்றொன்பது வருடத்துப் பித்தளை முளை ஒன்று அடியில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அதையும் பிடுங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டுவிடுவார்கள். "கால் வலிக்குது, உக்காந்திருக்கேன்" என்றாள்.

"மதியத்துக்குள்ள நீங்களா எந்திரிக்கலைன்னா போலீஸ கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்களுக்கும் சேத்து காப்பி இருக்கு."

ஹோல்ம் அலுவலகத்துக்குள் போனார். இயந்திரம் மூன்றாவது பேஸ் பக்கம் தோண்ட ஆரம்பித்தது. பத்து மணிக்குள் சேதி ஊருக்குள் போய்விட்டது, ஆர்லோ கடையைப் பூட்டிவிட்டு வேலியோரம் வந்து நின்றார்.

"நேத்து தோண்டுன, இன்னிக்கி உக்காந்திருக்க. எந்தக் கட்சிம்மா நீ?"

"கடைக்குப் போ ஆர்லோ."

"போட்டோ புடிக்க ஆள் வருதாமே. அதுக்குத்தான் இந்த நாடகமா?"

அது அவளைச் சுட்டது. இருபது வருடமாக வேலிக்கு மேலே தக்காளி கொடுத்து வாங்கிய மனிதர். எழுந்து போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஆர்லோவிடம் சொன்னால் அரை மணியில் ஊர் முழுக்கத் தெரியும், ஹோல்ம் உட்பட. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முட்டையை உரித்தாள்.

பதினோரு மணி வாக்கில் வேறொரு ஆள் வந்து அவள் பக்கத்தில் குந்தினார். குட்டையான மனிதர், அகலத் தொப்பி, நகக்கண்ணெல்லாம் செம்மண். பெயர் ரெமிகியோ ஒந்திவேரோஸ். மொன்டெர்ரே மைதானத்தின் தலைமைப் பராமரிப்பாளர், மண்ணைப் பெற்றுக்கொள்ள வந்திருந்தார். டெக்சஸில் ஆறு வருடம் புல் வெட்டிய ஆங்கிலம் அவருக்குக் கைகொடுத்தது.

"தோன்யா ஜோனெல், உங்க மண்ணப் பாத்தேன்" என்றார். தோன்யா என்பது அவர் ஊரில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். "ஏரிக்களி. எங்க ஊரு வெயில்ல ஒரு வாரம் வச்சா ஓடாயிடும்."

"தெரியும். அதப் போட்டு ஆடாதீங்க, உங்காளுங்க கணுக்கால் போயிரும்."

"நான் என்ன பைத்தியமா? கேமராவுக்கு ரெண்டு கைப்பிடி தூவுவேன். மிச்சம் வாசல்ல பூச்செடிக்கு." அவர் சிரித்தார். பிறகு நாற்காலியின் கால்களைப் பார்த்தார், அவற்றுக்கு நடுவே மிதித்து மூடியிருந்த மண்ணைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எவ்வளவு ஆழம்?"

ஜோனெல்லின் கையில் முட்டை நின்றது. "எது?"

"நானும் இந்தத் தொழில்தான் தோன்யா. ஒருத்தி சும்மா போயி பிளேட்டு இருந்த எடத்துல நாற்காலி போடமாட்டா."

அவள் அவருடைய நகக்கண்ணிலிருந்த செம்மண்ணைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "பத்து அங்குலம். பித்தளை."

ரெமிகியோ தொப்பியைக் கழற்றினார். மெதுவாகத் திரும்பப் போட்டுக்கொண்டார். "எங்க பழைய மைதானத்த இடிச்சப்ப என்னோடத புடுங்கிட்டாங்க. நான் லீவுல இருந்தேன். ஒரு வருசம் பட்டேன். எத அளந்தாலும் எங்கயோ இடிக்கும்."

"அப்ப எனக்கு ஒத்தாச பண்ணுங்க."

"எனக்கும் சம்பளம் குடுக்கறவன் ஹோல்ம்தான். ஒரு அடின்னு எழுதியிருக்கு, ஒரு அடிக்குக் கையெழுத்துப் போடணும். பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன்." அவர் எழுந்து முழங்காலைத் தட்டினார். மூன்றாவது பேஸ் பக்கம் இயந்திரம் கட்டிகட்டியாக வாரிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் நசுக்கினார். பொலபொலவென்று உதிர்ந்து கை நிறைந்து வழிந்தது.

அதைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இறுகிய களியைக் கிளறினால் அது உப்பும். நாலு பங்கு மண் அஞ்சு பங்காகும். எந்தப் பராமரிப்பாளருக்கும் இது தெரியும். காலில் மண் ஒட்டாதவர்களுக்குத் தெரியாது.

ரெமிகியோ நேராக அலுவலகத்துக்குப் போய் ஹோல்மைக் கூட்டிவந்தார். "சார், இப்படிக் கட்டியா வாரினா வழியெல்லாம் காஞ்சு பாறையாயிடும். பிளேட்டு இருந்த எடத்து மண்தானே முக்கியம்? அத மொதல்ல உழுதுட்டு அப்புறம் கையால அள்ளுவோம்."

"எதையாவது பண்ணுங்க. ஆனா ஒரு அடி. நானே அளப்பேன்."

"கட்டாயம் அளங்க. நீங்க அளந்தாத்தான் எனக்கும் நிம்மதி."

"அந்தம்மா எந்திரிப்பாங்களா?"

ஜோனெல் நாற்காலியை மடக்கினாள். "உழறதுன்னா சரி. ஆனா நாந்தான் ஓட்டுவேன்."

கொட்டகையிலிருந்து அவளுடைய பழைய உழுகருவியை ஓட்டிவந்தாள். அதன் பல்லை அங்குலம் அங்குலமாக ஏற்றி இறக்க ஒரு திருகு உண்டு. அவள் அதை ஒன்பதரையில் வைத்து இறுக்கினாள். அரை அங்குலம்தான் இடைவெளி. ஒரு கல் தடுக்கிக் கருவி துள்ளினாலும் முளையின் தலை போய்விடும். இருபத்துமூன்று வருடமாக அந்த ஆறடியில் ஒரு கல்லையும் அவள் தங்கவிட்டதில்லை, அன்றைக்கு அதை நம்பித்தான் ஓட்டினாள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. மண் கிளறிக் கிளறிப் பொங்கி எழுந்தது. முளைக்கு மேலே போகும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டாள். உலோகச் சத்தம் எதுவும் வரவில்லை.

ஹோல்ம் அளவுகோலோடு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் காலணி மண்ணில் புதைந்தது. கோலைப் பொங்கிய மண்ணில் குத்தி, அடிக்களியில் முட்டும்வரை அழுத்தி, குனிந்து படித்தார். பன்னிரண்டு அங்குலம். இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் பன்னிரண்டு, கொசுறாக ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம்.

"ரொம்பச் சரியா இருக்கே" என்றார் ஆச்சரியமாக.

"தொழில் சார்" என்றார் ரெமிகியோ.

கையெழுத்து ஆனது. மண் லாரியில் ஏறியது. போகும்போது ரெமிகியோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கவில்லை, வெறும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். எல்லோரும் போனபிறகு ஜோனெல் மண்டியிட்டு விரலால் அரை அங்குலம் சுரண்டினாள். பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. அதன்மேல் காலிக் காப்பி டின் ஒன்றைக் கவிழ்த்து, மேலே மண் தள்ளி மூடினாள். அப்போதுதான் அழுதாள். முதுகில் மஸ்டர்ட் விழுந்தபோதுகூட வராத அழுகை.

குளிர்காலத்தில் ஊருக்குள் ஒரு வதந்தி கிளம்பியது. ஜோனெல் கம்பெனியை ஏமாற்றிவிட்டாளாம். வேறொரு தட்டை மொன்டெர்ரேக்கு அனுப்பிவிட்டு நிஜத்தட்டை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாளாம். அந்த வதந்திக்குத் தகப்பன் யார் என்று விசாரிக்கத் தேவையில்லை, ஆர்லோவின் கடைக்கு ஆணி வாங்கப் போனவர்கள் எல்லோரும் அதையும் சேர்த்து வாங்கிவந்தார்கள். முன்பு தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இப்போது கண்ணடித்தார்கள்.

மார்ச் மாதம் பனி உருகியதும் ஆர்லோ தன் லாரியில் செங்கல் சூளைப் பக்கத்துக் களிமண்ணோடு வந்து இறங்கினார்.

"உன்னத் தப்பா நெனச்சிட்டேன் ஜோனெல். மன்னிச்சிரு. நீ நிஜப் பிளேட்ட காப்பாத்திட்ட."

"இல்ல ஆர்லோ. அவங்க எடுத்துட்டுப் போனதுதான் போன வருசம் இங்க இருந்த பிளேட்டு."

"சரி சரி" என்று கண்ணடித்தார். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"நீ சொல்லாத ஆளே ஊர்ல கெடையாது. நெசமாத்தான் சொல்றேன். வருசா வருசம் புதுசு மாத்துவோம்."

"அப்படியே சொல்லு. அப்படித்தான் சொல்லணும்."

பொய்க்காக ஒருவர் உழைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் களிமண் நிஜம், லாரி நிஜம், ஏப்ரல் பதினைந்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. தினம் ஒரு தடவை உண்மையைச் சொல்வது, மீதி நேரம் மண்வெட்டியைக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டாள். பழைய ஆட்களில் மூன்று பேர் சம்பளம் இல்லாமல் வந்தார்கள். ஆர்லோ களிமண் ஏற்றப் போன நேரம் பார்த்து டின்னை எடுத்தார்கள். முளை ஆடாமல் அசையாமல் நின்றது. கம்பெனி விட்டுப்போன எல்லைக் கம்பங்கள் இரண்டுக்கும் அதிலிருந்து நூல் பிடித்து, தொண்ணூறு அடியில் முதல் பேஸ், தொண்ணூறு அடியில் மூன்றாவது பேஸ் என்று குழி பதித்தார்கள். இரண்டாவது பேஸ் முளையிலிருந்து குறுக்காக நூற்றிருபத்தேழு அடி, மூன்று அங்குலம், மூன்று நூல். ஜோனெல் அதை நாலு தடவை அளக்கவைத்தாள். மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது. தார்ப்பாயை இழுத்து மூடினார்கள், திறந்தார்கள், மண்ணை இடித்தார்கள். ஒருவர் இடுப்பு பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் பட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

பதினைந்தாம் தேதி பரிசோதகர் வந்தார். சிரிக்காத மனிதர். காலை முழுக்கக் கருவி வைத்து அளந்தார். கடைசியில், "மூலப்புள்ளி எங்க?" என்று கேட்டார். ஜோனெல் காட்டினாள். அவர் வரைபடத்தையும் முளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத விட்டுட்டா போனாங்க?"

"அவங்களுக்குப் பிளேட்டுதான் வேணும்னாங்க."

பரிசோதகர் சிரித்தேவிட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மே மாதத்து முதல் சனிக்கிழமை, ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால், தட்டைப் பதிக்கும் நேரம் வந்தது. ஜோனெல் ஆர்லோவை உள்ளே கூப்பிட்டாள். அவர் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கண் முன்னாலேயே அட்டைப்பெட்டியைக் கிழித்து, பளீரென்று வெள்ளையான புதுத்தட்டை வெளியே எடுத்தாள்.

ஆர்லோவின் முகம் தொங்கிப்போனது. "அப்ப பழசு?"

"மொன்டெர்ரேல. கண்ணாடிப் பெட்டில. ரெமிகியோ போன் பண்ணாரு, அங்க ஜனங்க அதத் தொட்டு அழுவுறாங்களாம். நூறு தடவ உன்கிட்ட சொன்னேன்."

"அப்ப எங்கப்பா பாத்தது..."

"உங்கப்பா பாத்தது குப்பைக்குப் போயி அம்பது வருசம் ஆச்சு. குனிஞ்சு இங்க பாரு."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து குழிக்குள் பார்த்தார். அடியில் பித்தளை முளையின் தலை, காசு அகலத்துக்கு, தேய்ந்து மின்னியது.

"என்ன இது? ஆணியா?"

"இதுதான் ஆர்லோ. உங்கப்பா பாத்த ஆட்டமெல்லாம் இதுலருந்து அளந்ததுதான். இது மாறவேயில்ல."

"இந்த ஆணிக்காகவா நாற்காலி போட்டு உக்காந்த?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா?"

ஆர்லோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையை நீட்டி, ஒரு விரலால் அதைத் தொட்டார். விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "உன்மேல கடுகு எறிஞ்சது நாந்தான்" என்றார் குழியைப் பார்த்தபடியே.

"தெரியும். மூணாவது வரிசையிலருந்து வேற எவனுக்கு அவ்வளவு குறி?"

இருவருமாகத் தட்டைப் பதித்து, சுற்றிலும் களியை இடித்து இறுக்கினார்கள். முளை மறுபடி மறைந்தது.

மூவாயிரம் பேர் வந்திருந்தார்கள், முப்பதாயிரம் இல்லை. நகரத்தின் புது அணிக்காக முதலில் மட்டை பிடித்தவன் தபால் நிலையத்தில் பகல்வேலை பார்க்கும் ஒரு தடியன். மூன்றாவது பந்தைத் தரையோடு உருட்டிவிட்டு முதல் பேஸுக்கு உயிரைக் கொடுத்து ஓடினான். பந்தைப் பொறுக்கியவன் அதை அதே பேஸுக்கு எறிந்தான். காலும் பந்தும் ஒன்றாக வந்து சேர்ந்தன. தொண்ணூறு அடி எப்போதும் அப்படித்தான், ஓர் அங்குலம் கூடக்குறைய இருந்தால் அந்தச் சந்தேகமே வராது.

நடுவர் முஷ்டியை உயர்த்தினார். அவுட்.

மூவாயிரம் பேரும் எழுந்து நின்று நடுவரைத் திட்டினார்கள். குருடன் என்றார்கள், திருடன் என்றார்கள், அவர் பிறப்பைச் சந்தேகித்தார்கள். எல்லோருக்கும் மேலே ஆர்லோவின் குரல் கேட்டது. ஜோனெல் மண்வெட்டியின்மேல் சாய்ந்துகொண்டு அதைக் கேட்டாள். போன செப்டம்பரில் அதே தொண்டைகள் அவளைப் பார்த்து ஊளையிட்டன. இன்றைக்கு அந்தச் சத்தம் அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று கேட்கும்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு அவளும் வாயைக் குவித்து நடுவரை நன்றாக நாலு வார்த்தை திட்டினாள்.